ஷூவுக்குள்ள ஒரு டெலிபோன்

போன லீவுக்கு ஊருக்கு வந்த மாமா (அம்மாவோட தம்பி, நியூஜெர்சில இருபத்தஞ்சு வருஷமா 'குப்பை கொட்டுறவர்', இது அவரே சொல்றது) எனக்குனு ஒரு கனமான பெட்டியை எடுத்துட்டு வந்தார். சாக்லேட்டா இருக்கும்னு ஆசையாப் பிரிச்சா, உள்ள 25 டிவிடி. 'கெட் ஸ்மார்ட்' சீரியலோட ஐந்து சீசனும். வீடு மாத்துறப்ப தூக்கிப் போட மனசு வரலையாம்.

"மாமா, இதைப் போட்டுப் பார்க்க எங்கிட்ட பிளேயரே கிடையாதே."

"ஏண்டா, சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிற, ஒரு டிவிடி ஓட்டத் தெரியாதா?"

மானப் பிரச்சினை ஆயிடுச்சு. லேப்டாப்புல டிஸ்க் போடுற ஓட்டை மறைஞ்சு பல வருஷம் ஆச்சு. யுஎஸ்பி டிரைவ் ஒண்ணு வாங்கினேன். போட்டா, "வேற ரீஜன் டிஸ்க்"னு முறைக்குது. அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம்ம ஊரு ரீஜன் 5. டிரைவ்ல ரீஜனை மொத்தம் அஞ்சே அஞ்சு தடவைதான் மாத்தலாம், அதுக்கப்புறம் அது அப்படியே கெட்டியாயிடும். ஒரு பழைய காமெடி சீரியல் பார்க்க இவ்வளவு பாதுகாப்பு ஏற்பாடானு தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா முதல் எபிசோடு ஓட ஆரம்பிச்சதும் புரிஞ்சது, இதைவிடப் பொருத்தமான வாசப்படி இந்த சீரியலுக்கு இருக்க முடியாது. ஏன்னா ஐந்து சீசனும் சொல்றது இந்த ஒரு ஜோக்கைத்தான்: பாதுகாப்பு ஏற்பாடு ஜாஸ்தியானா முதல்ல மாட்டிக்கிறது நம்மாளுதான்.

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

கதை என்னன்னா

தெரியாதவங்களுக்காக. கன்ட்ரோல்னு அமெரிக்க அரசோட ரகசிய உளவு நிறுவனம் ஒண்ணு. அதுக்கு எதிரி கேயாஸ். உலகத்தை அழிக்கத் துடிக்கிற தீய கூட்டம்தான், ஆனா வரி சவுகரியத்துக்காக டெலவேர் மாநிலத்துல கம்பெனியாப் பதிவு பண்ணியிருப்பாங்க! (நம்ம கிளையன்ட்ல பாதிப்பேர் அப்படித்தானே?) கன்ட்ரோலோட ஏஜென்ட் 86, மேக்ஸ்வெல் ஸ்மார்ட். பேர்லதான் ஸ்மார்ட். கூடவே ஏஜென்ட் 99, நிஜமாவே புத்திசாலியான பொண்ணு. இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தலைவலி மாத்திரை முழுங்கிக்கிட்டே காலம் தள்ளுற சீஃப்.

மேக்ஸை நம்ம பாஷைல சொல்லணும்னா கோட் சூட் போட்ட கைப்புள்ள. மாட்டிக்கிட்டாலும் வாய் குறையாது. வில்லன் துப்பாக்கியை நீட்டினா, உடனே பேரம் ஆரம்பிப்பார். நம்ம ஊர் பாணில சொன்னா இப்படி இருக்கும்: "வெளில அம்பது போலீஸ் நிக்குது. நம்பலையா? சரி, ரெண்டு வாட்ச்மேன்? அதுவும் இல்லையா? ஒரு வயசான கூர்க்கா, கையில விசில்?" இந்த இறங்குமுகப் பேரம் அந்தக் காலத்து அமெரிக்காவுல பள்ளிக்கூடப் பசங்க வாய்ல எல்லாம் புகுந்த விஷயம்.

1965 செப்டம்பர் 18, சனிக்கிழமை, என்பிசில முதல் எபிசோடு. முதல் எபிசோடு மட்டும் கறுப்பு வெள்ளை, மீதியெல்லாம் கலர். நாலு சீசன் என்பிசி, அஞ்சாவது சிபிஎஸ். 1970 மே மாசம் முடிஞ்சப்ப மொத்தம் 138 எபிசோடு. மேக்ஸா நடிச்ச டான் ஆடம்ஸுக்கு 1967, 68, 69-னு மூணு வருஷம் தொடர்ந்து எம்மி விருது. சிறந்த நகைச்சுவைத் தொடர்னு சீரியலுக்கு ரெண்டு தடவை.

அந்த வாரத்துல என்ன நடந்தது

அந்த வாரத்தோட கேலண்டரைப் பார்த்தா சிரிப்பு வரும். செப்டம்பர் 15-ல 'ஐ ஸ்பை' ஆரம்பம். 17-ல 'தி வைல்ட் வைல்ட் வெஸ்ட்'. 18-ல 'கெட் ஸ்மார்ட்'. நாலே நாள்ல மூணு உளவு சீரியல்! அதுக்கு முந்தின வருஷமே 'தி மேன் ஃப்ரம் அங்கிள்' வந்தாச்சு. எல்லாத்துக்கும் மூல காரணம் ஜேம்ஸ்பாண்ட். 1962-ல 'டாக்டர் நோ', 1964-ல 'கோல்ட்ஃபிங்கர்'. அந்தக் காய்ச்சல் நம்ம ஊரையும் விடல, 1966-ல ஜெய்சங்கர் 'வல்லவன் ஒருவன்'ல துப்பாக்கியும் கையுமா வந்தாச்சு.

இந்தக் காய்ச்சலைக் கிண்டல் பண்ணினா என்னன்னு டேனியல் மெல்னிக்ங்கிற தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை. பாண்டையும் பிங்க் பாந்தர் படத்து இன்ஸ்பெக்டர் க்ளூசோவையும் ஒரே ஆள்ல போட்டுக் கலக்கினா? எழுத மெல் ப்ரூக்ஸ், பக் ஹென்றினு ரெண்டு பேரைப் பிடிச்சார். ப்ரூக்ஸ் பின்னாடி 'தி ப்ரொட்யூசர்ஸ்' படத்துக்கு திரைக்கதை ஆஸ்கர் வாங்கினவர். ஹென்றி 'தி கிராஜுவேட்' திரைக்கதையை எழுதினவங்கள்ல ஒருத்தர்.

முதல்ல ஏபிசிக்காகத்தான் எழுதினாங்க. படிச்சுட்டு ஏபிசி வேண்டாம்னுட்டாங்க. அமெரிக்காவுக்கு விரோதமா இருக்குனு சொன்னாங்களாம். வீட்டுல ஹீரோவுக்கு ஒரு அம்மா வேணும், ஒரு பாசக்கார நாய் வேணும்னும் யோசனை. இவங்க அம்மாவை ஒதுக்கிட்டு நாயை மட்டும் வச்சாங்க. ஃபேங்னு பேரு, அதுவும் ஒரு ஏஜென்ட், சொல்பேச்சு கேட்காது. அப்புறம் கதை என்பிசிக்குப் போச்சு. அவங்ககிட்ட ஏற்கனவே ஒப்பந்தத்துல இருந்தவர் டான் ஆடம்ஸ். இப்படித்தான் மேக்ஸுக்கு அந்தக் கீச்சுக்குரல் கிடைச்சது. ('இன்ஸ்பெக்டர் கேட்ஜெட்' கார்ட்டூன் பார்த்தவங்களுக்குக் குரல் பரிச்சயமா இருக்குமே? அதே ஆள்தான்.)

'அமெரிக்காவுக்கு விரோதம்'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. இதுக்கு ஆளான ப்ரூக்ஸ் ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்தோட பொறியாளர் படைல ஐரோப்பாவுல இருந்தவர். ஆடம்ஸ் மரைன் படை வீரர். குவாடல்கனால் தீவுல மலேரியா முத்திப்போய் சாவு வரைக்கும் போய்த் திரும்பினவர். ராணுவம்னா என்ன, மேலிடத்து உத்தரவுனா என்னன்னு உள்ள இருந்து பார்த்தவங்க செஞ்ச கிண்டல் இது. அதனாலதான் அதுல ஒரு ஆபீஸ் வாடை அடிக்குது. பட்ஜெட் வெட்டு, அனுமதிச் சீட்டு, மேலதிகாரி மனசு கோணாம பேசறது எல்லாமே இருக்கு. தபால்பெட்டிக்குள்ளயும் லாக்கருக்குள்ளயும் ஒளிஞ்சுக்கிட்டு "எனக்கு மட்டும் ஏன் இப்படி?"னு புலம்புற ஏஜென்ட் 13-ஐப் பார்த்தா, ராத்திரி ஷிப்ட் சப்போர்ட் பார்க்கிற நம்ம நண்பர்கள் யாராவது ஞாபகத்துக்கு வருவாங்க.

மௌனக் கூம்பும் மாஸ்கோ சுவரும்

சீரியலோட மிகப் பெரிய ஜோக், என் கணக்குல, கோன் ஆஃப் சைலன்ஸ். 'மௌனக் கூம்பு'னு வச்சுக்கலாம். ரகசியம் பேசணும்னா சீஃபோட மேஜைக்கு மேல இருந்து கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூடு இறங்கும். உள்ள ரெண்டு பேர் தலை. வெளில யாருக்கும் எதுவும் கேட்கக்கூடாதுங்கிறது ஏற்பாடு. நடக்கிறது என்னன்னா, உள்ள இருக்கிற ரெண்டு பேருக்கும் ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேட்காது. கத்துவாங்க. சில சமயம் வெளில நிக்கிற ஆளுக்குத் தெளிவாக் கேட்கும்! மேக்ஸ் ஒவ்வொரு தடவையும் விதிமுறைப்படி அதைத்தான் கேட்பார். சீஃபுக்கு அழுகை வரும்.

சின்ன வயசுல பார்த்திருந்தா வெறும் கோமாளித்தனம்னு சிரிச்சுட்டுப் போயிருப்பேன். இப்போ பக்கத்துல பனிப்போர் வரலாற்றை வச்சுக்கிட்டுப் பார்த்ததால வேற மாதிரி இருந்துச்சு.

1945-ல சோவியத் பள்ளிப் பிள்ளைங்க மாஸ்கோவுல அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தாங்க. மரத்துல செதுக்கின அமெரிக்க அரசு முத்திரை. அழகா இருக்குனு தூதரோட வீட்டுலயே மாட்டி வச்சாங்க. ஏழு வருஷம் கழிச்சு 1952-லதான் கண்டுபிடிச்சாங்க, உள்ள ஒட்டுக்கேட்கும் கருவி! பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. வெளில இருந்து ரேடியோ அலையை அனுப்பினா மட்டும் உயிர் வரும். வடிவமைச்சவர் லியோன் தெரமின். கையைத் தொடாமலே வாசிக்கிற அந்த விநோத இசைக்கருவியைக் கண்டுபிடிச்ச அதே தெரமின்தான். 1960 மே மாசம், யு-2 உளவு விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தின சூட்டுல, ஐ.நா. சபைல அமெரிக்கா இந்த முத்திரையைத் தூக்கிக் காட்டி "இவங்க மட்டும் யோக்கியமா?"னு கேட்டுச்சு.

அதோட முடியல. 1964-ல மாஸ்கோ அமெரிக்கத் தூதரகத்துச் சுவரை உடைச்சுப் பார்த்தா 40-க்கும் மேற்பட்ட மைக்குகள். வருஷக்கணக்கா பேசினதெல்லாம் போச்சு. இதுக்குத் தீர்வா அமெரிக்கத் தூதரகங்கள்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? அறைக்குள்ள இன்னொரு அறை. ஒளிபுகும் பிளாஸ்டிக்கால ஆனது, சுவர்ல எதையும் ஒளிச்சு வைக்க முடியாதபடி. செல்லப்பேரு 'பபிள்', நீர்க்குமிழி. மௌனக் கூம்பேதான்!

அதாவது சுவர்ல மைக்குகள் அகப்பட்ட அடுத்த வருஷம் டிவில இந்தக் கூம்பு இறங்குது. ஜனங்க சிரிச்சது கற்பனையைப் பார்த்து இல்ல, அடுத்த தெருவுல நடக்கிறதைப் பார்த்துத்தான்.

செருப்புக்கடை வரலாறு

அடுத்தது ஷூ போன். முதல் எபிசோடுல கச்சேரி அரங்கத்துல எல்லாரும் அமைதியா உக்காந்திருக்காங்க. திடீர்னு டெலிபோன் மணி. மேக்ஸ் அசடு வழிஞ்சுக்கிட்டு எழுந்து வெளில போய், ஷூவைக் கழட்டிக் காதுல வச்சுப் பேசுறார். 1965-ல! கையடக்க செல்பேசில முதல் அழைப்பு வந்தது 1973-ல. தியேட்டர்ல போன் அடிச்சு நாலு பேர் முறைக்கிற அவமானத்தை, போன் வர்றதுக்கு எட்டு வருஷம் முந்தியே எழுதிட்டாங்க.

ஆனா ஷூவோட நிஜ வரலாறு இன்னும் விசேஷம். வாஷிங்டன்ல சர்வதேச உளவு அருங்காட்சியகம் இருக்கு. அங்க ஒரு ஷூ. 1960-70கள்ல ருமேனிய ரகசியப் போலீஸ் வேலை. அமெரிக்கத் தூதரக அதிகாரிங்க மேற்கு நாடுகள்ல இருந்து தபால்ல துணிமணி, ஷூ வரவழைப்பாங்களாம். நடுவுல தபால்ல பிடிச்சு, குதிகால்ல மைக்கும் டிரான்ஸ்மிட்டரும் வச்சுத் தச்சு அனுப்பிட்டாங்க. அதிகாரி நடந்துபோற இடமெல்லாம் ஒலிபரப்பு. மேக்ஸுக்காவது தன் ஷூல போன் இருக்கிறது தெரியும்!

இன்னொரு ஷூ, பிடல் காஸ்ட்ரோவோடது. அவர் வெளிநாட்டுப் பயணம் போறப்ப பாலிஷ் போட ஷூவை ஓட்டல் அறைக்கு வெளில வைப்பார், அப்போ தாலியம் உப்பைத் தூவிட்டா தாடி கொட்டிடும், தாடி போனா மரியாதை போயிடும்னு சிஐஏ ஒரு திட்டம் போட்டுச்சு. விளையாட்டுக்குச் சொல்லல. 1975 நவம்பர்ல அமெரிக்க செனட்டோட சர்ச் கமிட்டி அறிக்கைல இருக்கு. விஷம் தடவின சுருட்டு, நீச்சல்ல இருக்கிறப்ப வெடிக்கிற கிளிஞ்சல், பூஞ்சை தடவின டைவிங் சூட், ஊசி மறைச்ச பேனா எல்லாம் வரிசையா அதே அறிக்கைல. 1960-ல இருந்து 65 வரைக்கும் குறைஞ்சது எட்டு கொலைத் திட்டம். அந்தப் பேனாவை ஒரு க்யூபா அதிகாரிகிட்ட பாரிஸ்ல கொடுத்த நாள் 1963 நவம்பர் 22. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட அதே நாள்.

நாய் ஏஜென்ட் ஃபேங்கைச் சொன்னேன் இல்லையா? அதே வருஷங்கள்ல சிஐஏ ஒரு பூனையை ஏஜென்டாக்கப் பார்த்துச்சு. காதுக்குள்ள மைக், மண்டைக்கு அடில டிரான்ஸ்மிட்டர், ரோமத்துக்குள்ள ஆன்டெனா. பூங்கா பெஞ்சுல பேசற ஆளுங்க பக்கத்துல போய்ப் படுத்துக்கணும். பூனை என்னிக்கு சொன்னதைக் கேட்டிருக்கு? 1967-ல ஒரு குறிப்பு எழுதி மூடிட்டாங்க, நடைமுறைக்கு ஒத்துவராதுனு. அந்தக் குறிப்பு வெளில வந்தது 2001-ல. முதல் வேலைலயே பூனை டாக்சில அடிபட்டுச்சுனு ஒரு முன்னாள் அதிகாரி சொன்னார். இல்லவே இல்ல, பூனை நல்லாத்தான் வாழ்ந்துச்சுனு இன்னொரு முன்னாள் அதிகாரி மறுத்தார். ரெண்டாவதையே நம்புவோம்.

ரஷ்யாவுக்குப் போகாமலே இன்னொண்ணு. 1955-ல சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து பெர்லின்ல சோவியத் தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுக்கேட்க நானூறு மீட்டருக்கு மேல சுரங்கம் தோண்டினாங்க. அந்தத் திட்டக் கூட்டத்துல குறிப்பெடுத்தவர் ஜார்ஜ் பிளேக். அவர் சோவியத் ஆள்! மண்வெட்டி மண்ணைத் தொடுறதுக்கு முன்னாடியே மாஸ்கோவுக்கு விஷயம் தெரியும். பிளேக் 1961-ல பிடிபட்டு 42 வருஷ தண்டனை வாங்கினார். 1966 அக்டோபர்ல, பின்னல் ஊசிகளைப் படியா வச்சுக் கட்டின கயித்து ஏணில லண்டன் சிறையோட சுவர் ஏறித் தப்பிச்சுட்டார். அப்போ 'கெட் ஸ்மார்ட்' ரெண்டாவது சீசன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இதைக் கதையா எழுதிக் கொடுத்திருந்தா ப்ரூக்ஸே "ஓவரா இருக்கு, குறைங்க"னு சொல்லியிருப்பார்.

சிரிப்பு நின்ன இடம்

இதுவரைக்கும் எழுதினதைப் படிச்சா, "ஆஹா, காமெடிதான் உண்மையைச் சொல்லிச்சு"னு முடிச்சு, கைதட்டு வாங்கிட்டுப் போயிடலாம். நானும் அப்படி முடிக்கத்தான் நினைச்சேன். ரெண்டு விஷயம் விடல.

முதல் விஷயம். முதல் சீசன்ல 'க்ளா'னு ஒரு ஆசிய வில்லன் வர்றார். தன் பேரையே அவருக்கு உச்சரிக்க வராது, 'க்ரா'னு சொல்வார். மேக்ஸ் "க்ராவா?"னு கேட்பார். "க்ரா இல்ல, க்ரா!"னு அவர் கோவப்படுவார். நடிச்சவர் வெள்ளைக்காரர். அமெரிக்காவுல பிரபலமான ஜோக். அது வந்த 1965-லதான் அமெரிக்க மரைன் படை வியட்நாம்ல டா நாங் கடற்கரைல இறங்குச்சு. வருஷக் கடைசில அங்க இருந்த அமெரிக்கப் படை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல. ஆசியக்காரன் பேச்சு ராத்திரி சிரிப்பு, பகல்ல குண்டு.

மாமாகிட்ட இந்த எபிசோடைப் பத்திக் கேட்டேன். "கேபிள்ல மறு ஒளிபரப்பு பார்த்தப்ப முதல் தடவை விழுந்து விழுந்து சிரிச்சேண்டா. மறுநாள் ஆபீஸ் மீட்டிங்ல நான் ஒரு வார்த்தை சொன்னேன், பின்னாடி ஒருத்தன் என்னை மாதிரியே சொல்லிக் காட்டினான். அதுக்கப்புறம் அந்த டிஸ்க்கைப் போடல"ன்னார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். முதல் சீசன்ல ஒரே ஒரு டிஸ்க் மட்டும் கீறலே இல்லாம புதுசா இருக்கு.

ரெண்டாவது விஷயம் இன்னும் ஆழம். காஸ்ட்ரோ தாடிக்குப் பொடி, சுருட்டுக்கு விஷம் எல்லாம் எங்க தயாரானது? சிஐஏவோட தொழில்நுட்பப் பிரிவுல. பாண்ட் படத்து 'க்யூ' மாதிரி கருவி செய்யற ஆபீஸ். அங்க ரசாயனப் பிரிவுக்குத் தலைவரா இருந்து, பிறகு மொத்தப் பிரிவுக்கும் தலைவரானவர் சிட்னி காட்லீப். அவரேதான் எம்கே-அல்ட்ராங்கிற திட்டத்தையும் நடத்தினார். மனுஷ மனசைக் கட்டுப்படுத்த முடியுமானு, பல பேருக்கு அவங்களுக்கே தெரியாம எல்எஸ்டி கொடுத்துச் சோதனை. 1953-ல ஃப்ராங்க் ஓல்சன்ங்கிற ராணுவ விஞ்ஞானிக்கு அப்படிக் கொடுத்தாங்க. ஒன்பது நாள் கழிச்சு நியூயார்க் ஓட்டல் ஜன்னல்ல இருந்து விழுந்து இறந்துபோனார். எல்எஸ்டி கொடுத்த விஷயமே குடும்பத்துக்குத் தெரிஞ்சது 1975-ல. 1960-ல காங்கோவோட தலைவர் லுமும்பாவைக் கொல்ல விஷத்தைக் கையோட எடுத்துட்டுப் போனதும் இதே காட்லீப். அந்த விஷத்தைப் பயன்படுத்தல, ஆனா சில மாசத்துல லுமும்பா வேற ஆளுங்க கையால கொல்லப்பட்டார். எம்கே-அல்ட்ரா கோப்புகள்ல பெரும்பகுதியை 1973-ல அழிச்சுட்டாங்க.

கவனிச்சீங்களா? வெடிக்கிற கிளிஞ்சலும் எல்எஸ்டியும் ஒரே ஆபீஸ். ஒரே ஆளு. கோமாளித்தனம் ஒரு துறை, கொடுமை இன்னொரு துறைனு பிரிவே கிடையாது.

இங்கதான் 'கெட் ஸ்மார்ட்' பாதி உண்மையைச் சொல்லி மீதியை மறைச்சுடுது. வேணும்னு மறைக்கல, 1965-ல எழுதினவங்களுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்ல. ஆனா காமெடியோட அமைப்பே அப்படி. மேக்ஸ் எவ்வளவு சொதப்பினாலும் கடைசில நல்லதே நடக்கும். அவரால நல்லவங்க யாரும் சாகறதில்ல. கேயாஸ் ஆளுங்க செத்தாலும், "இவ்வளவு மூளையை நல்லதுக்குப் பயன்படுத்தியிருக்கலாமே"னு மேக்ஸ் ஒரு பெருமூச்சு விடுவார், இசை வந்துடும். 'முட்டாளா இருந்தாலும் நம்மாளு, வெள்ளை மனசு, யாருக்கும் கெடுதல் வராது'ங்கிற ஆறுதல்தான் அந்த அரை மணி நேரத்தோட அடித்தளம். நிஜத்துல முட்டாள்தனத்துக்கு விலை இருந்துச்சு, அதைக் கொடுத்தது வேற யாரோ.

1961 ஏப்ரல்ல க்யூபாவோட பிக்ஸ் வளைகுடால சிஐஏ இறக்கினது சுமார் 1,400 பேர். திட்டம் முழுக்க ஓட்டை. நூறு பேருக்கு மேல செத்தாங்க, ஆயிரத்துக்கு மேல பிடிபட்டாங்க. அதுக்குச் சிரிப்பொலி சேர்க்க முடியுமா?

நானும் சிரிச்சிருக்கேன்

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதைனு கேட்டா, ஒரு சின்ன கதை.

2024 பிப்ரவரி 29. என் பழைய ஆபீஸ். ஒரு வாடிக்கையாளருக்குச் சம்பளக் கணக்கு ஓட்டுற ப்ரோக்ராம், "இப்படி ஒரு தேதியே கிடையாது"னு படுத்துக்கிச்சு. லீப் வருஷத்தை மறந்துட்டோம். எழுதினவன் நான்தான். ராத்திரி பூரா கால்ல உக்காந்தோம். பத்து பேர் பேசினா எட்டு பேர் மியூட்ல, அசல் மௌனக் கூம்பு. டீம் குரூப்புல ஒரே மீம்ஸ். என் பேரையே 'பிப்ரவரி 30'னு மாத்திட்டாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். சரி பண்ண மூணு நாள் ஆச்சு.

அப்புறம் டிக்கெட்டை மூடறப்ப அதோட இணைப்பை எதேச்சையாத் திறந்தேன். மணிக்கணக்கு சம்பளத்துல துப்புரவு வேலை பார்க்கிற ஒரு அம்மா எழுதின கடிதம், வாடிக்கையாளர் ஆபீஸ்ல இருந்து எங்களுக்கு அனுப்பியிருந்தாங்க. ஒண்ணாம் தேதி வாடகை கட்டணும், வீட்டுக்காரர் தாமதக் கட்டணம் போட்டுட்டார், இதை யார்கிட்ட கேட்கணும்னு எழுதியிருந்தாங்க. கோவமா ஒரு வார்த்தை கூட இல்ல. அதைப் படிச்ச பிறகு அந்தச் செல்லப்பேரைக் கேட்கிறப்பல்லாம் முதுகுல என்னமோ ஊர்ற மாதிரி இருக்கும்.

சிஐஏவையும் என் லீப் வருஷத்தையும் ஒரே தராசுல வைக்கல. ஆனா சிரிப்பு வேலை செய்யற விதம் ஒண்ணுதான். சொதப்பினவனைப் பார்த்துச் சிரிக்கிறப்ப, சொதப்பல் போய் விழுந்த இடம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. கேமரா எப்பவும் மேக்ஸ் மேலதான்.

அப்போ பார்க்கலாமா, வேண்டாமா?

தாராளமாப் பாருங்க. பாதி உண்மையைச் சொல்றதே அந்த வருஷத்துக்குப் பெரிய காரியம். பத்திரிகைங்க பெரும்பாலும் உளவுத்துறையைக் கேள்வி கேட்காத காலத்துல, "இவங்களும் நம்ம ஆபீஸ் மாதிரித்தான், ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேட்காது"னு கோடிக்கணக்கான வீட்டுக் கூடத்துல சொன்னது சும்மா இல்ல. பத்து வருஷம் கழிச்சு சர்ச் கமிட்டி விசாரணையை நம்பி உக்காந்து கேட்ட ஜனங்கள்ல பாதிப்பேர் மேக்ஸைப் பார்த்து வளர்ந்தவங்களாத்தான் இருந்திருப்பாங்கங்கிறது என் சொந்த ஊகம்.

இன்னொரு காரணம், 99. பார்பரா ஃபெல்டன். நிஜ வாழ்க்கையிலயும் கெட்டிக்காரி, நடிக்க வர்றதுக்கு முன்னாடி ஷேக்ஸ்பியர் பத்திப் பதில் சொல்லி டிவி வினாடி வினாவுல 64,000 டாலர் ஜெயிச்சவர். சீரியல்ல பாதி நேரம் கேஸைக் கண்டுபிடிக்கிறது அவர்தான், பேரைத் தட்டிட்டுப் போறது மேக்ஸ். ஆடம்ஸை விட உயரம் தெரியக்கூடாதுனு கொஞ்சம் குனிஞ்சேதான் நிப்பார். நாலாவது சீசன்ல கல்யாணம், அஞ்சாவதுல இரட்டைக் குழந்தை. கடைசி வரைக்கும் அவரோட நிஜப் பேர் என்னன்னு சொல்லவே இல்ல. 138 எபிசோடுலயும் யாரும் உடைக்காத ஒரே ரகசியம் அதுதான்.

டான் ஆடம்ஸ் 2005 செப்டம்பர்ல காலமானார். இந்த மொத்தப் பெட்டி டிவிடியா வந்தது 2006-ல. 2008-ல ஸ்டீவ் கேரல் நடிச்சு சினிமாவாவும் வந்துச்சு. பக் ஹென்றி 2020 ஜனவரில போனார். அதே 2020 டிசம்பர்ல, கயித்து ஏணி ஜார்ஜ் பிளேக் மாஸ்கோவுல 98 வயசுல காலமானார். நிஜ மேக்ஸும் கற்பனை மேக்ஸை எழுதினவங்கள்ல ஒருத்தரும் ஒரே வருஷத்துலதான் விடைபெற்றிருக்காங்க.

மாமாவுக்கு நேத்து போன் பண்ணி, மொத்தத்தையும் பார்த்து முடிச்சுட்டேன்னு சொன்னேன்.

"அந்தப் புது டிஸ்க்கையுமா?"

"அதையும்தான் மாமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோனு நினைச்சேன். "சரி, அடுத்த தடவை வர்றப்ப சேர்ந்து பார்ப்போம்"ன்னார்.

பி.கு: டிரைவோட ரீஜனை ஒரு தடவை மாத்தியாச்சு. இன்னும் நாலு தடவை பாக்கி. யாருக்காவது பழைய டிவிடி பெட்டி இருந்தா சொல்லுங்க, ஆனா சீக்கிரம். :-)